அளவுக்கு ஓர் ஆள்

மலைப்பாதையோரத் தேநீர்க்கடை பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு, என் தோளில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள் என் மனைவி. எனக்கு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு காலை ஊன்றவே முடியவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை. மூச்சுகூட வாங்கவில்லை.

"அந்த மேடு வரைக்கும்தான். போக வர ஒரு மணி நேரம். நீங்க படம் போட்டுக்கிட்டு இருங்க இன்ஜினியர் சார்."

நான் இன்ஜினியர் இல்லை. கட்டட வரைபடம் போடுகிறவன். இன்ஜினியர்கள் கையெழுத்துப் போட மூலையில் இடம் விட்டு முப்பது வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறேன். என்னை மட்டம் தட்ட வேண்டிய நேரத்தில் மட்டும் இவள் எனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுவாள். சரி என்று தலையாட்டினேன். அவள் போட்டிருந்த சிவப்பு ஜாக்கெட் பாதை வளைவில் மறைந்தபோதுதான் ஒரு தப்பு செய்துவிட்டது உறைத்தது. அவளை வரைந்துகொள்ளாமல் அனுப்பிவிட்டேன்.

ஒரு கட்டடத்தின் முகப்பை வரைந்தால் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவது எங்கள் தொழில் வழக்கம். ஆள் இல்லாவிட்டால் வாசல் எவ்வளவு உயரம், தூண் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. இந்த ஒரு வருஷப் பயண நோட்டிலும் அதையேதான் செய்தேன். முதலில் இவளைப் போடுவேன், ஐந்தடி ஓர் அங்குலம். பிறகு இவளை வைத்து மரம், பாறை, மலை எல்லாவற்றையும் அளந்து போடுவேன். "எனக்கு வேற வேலையே இல்லையா, எல்லாப் படத்துலயும் நானே நிக்கணுமா?" என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் நின்றுவிடுவாள்.

முதல் பக்கத்தில் நிற்கவில்லை, உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவமனைக்குப் பின்னால் பூங்காவில் ஒரு சின்னக் குன்று, அறுபது படி. இவளுக்கு இதயத்தில் வால்வு மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "நடங்க. உட்கார்ந்தே இருந்தா நான் செஞ்ச வேலை வீண்" என்று ஆபரேஷன் செய்த டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டாவது படியில் இவள் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பையில் இருந்த நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தேன். நோட்டு பிறந்த கதை அவ்வளவுதான்.

அந்த வால்வு உலோகம். அறை அமைதியாக இருந்தால் கைக்கடிகாரம்போல டிக் டிக் என்று வெளியே கேட்கும். அவளுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. எனக்குத்தான் அது கேட்டால்தான் நிம்மதி என்று ஆகிப்போனது. செய்தித்தாள் படிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வெளியே வந்தால் காற்றும் தண்ணீரும் அதை அமுக்கிவிடும். அப்போதெல்லாம் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்து, எத்தனையோ முறை கல் தடுக்கி விழப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது மாதம் ஏரிக்கரை. ஐந்தாவது மாதம் பள்ளத்தாக்கு விளிம்பு. இவள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள், கீழே வளைந்து போன ஆற்றைப் பார்த்து, "நல்ல நரம்பு. ஒரே குத்துல கிடைக்கும்" என்றாள். ஏழாவது மாதம் அருவி. சாரலில் பக்கம் முழுக்க ஊறி, பென்சில் கோடுகள் பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. ஒன்பதாவது மாதம் ஒரு பெரிய காடு. அதில் ஒரு மரத்தின் பொந்துக்குள் கையை விரித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் விரல் படவில்லை. அந்த மரத்தடியில் நான் மலைத்து நின்றது நிஜம். ஆனால் வீட்டுக்கு வந்து நோட்டை முதலிலிருந்து புரட்டியபோது பயம் பிடித்துக்கொண்டது. முதல் பக்கத்தில் இவள் என் கட்டைவிரல் அளவு இருந்தாள். பிறகு பாதி விரல், பிறகு நகம். கடைசிப் படத்தில் ஓர் அரிசி.

அவளிடம் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"மலையும் மரமும் பெருசாகிட்டே போகுதுன்னு உங்களுக்குத் தோணலையா? நான் சிறுசாகறேன்னு மட்டும் ஏன் தோணுது?"

அடுத்த பயணத்துக்குப் பை கட்டினேன்.

இப்போது பெஞ்சில், முதல் தடவையாக ஆள் இல்லாமல் மலையை வரைந்தேன். கையை நீட்டிப் பென்சிலால் அளந்தேன். மேட்டுக்கு மேலே ஒரே பனிமூட்டம், மேடுதான் உச்சி என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகப் பழக்கப்படி மேலே இரண்டு விரற்கடை வானம் விட்டு, அதற்குக் கீழே மலையைத் தாளுக்குள் கச்சிதமாக அடக்கினேன். மேட்டின்மேல் அவளுக்கு மட்டும் கொஞ்சம் இடம் வெறுமையாக விட்டுவைத்தேன். படம் முடிந்தது. ஒரு மணி நேரமும் முடிந்தது. மேட்டில் யாரும் இல்லை.

இன்னும் அரை மணி நேரம் போனது. போனில் சிக்னல் இல்லை. எழுந்து நாலு அடி வைத்தேன், கால் சுருட்டி இழுத்தது. கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"மேட்டுக்குப் போறவங்க எப்போ திரும்புவாங்க?"

"போனா உடனே யாரும் திரும்பறதில்ல சார். அங்கேருந்துதானே மலையே ஆரம்பிக்குது."

அவர் ஏதோ கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற வாடிக்கையான பேச்சு என்று நினைத்தேன். அப்போது காற்று திரும்பியது. மூட்டம் ஒரு பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. மேட்டுக்கு மேலே ஒரு புல்சரிவு தெரிந்தது. அதற்கு மேலே கருத்த பாறைச் சுவர். அதற்கும் மேலே வெளுப்பாக நின்றதை மேகம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் நகர்ந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. அதுவும் மலைதான். கழுத்து வலிக்க அண்ணாந்தும் முடிவு தெரியவில்லை. நான் உச்சி என்று வரைந்து வைத்தது இந்த மலையின் முழங்கால்கூட இல்லை. இதன் மடியில் உட்கார்ந்துகொண்டா ஒரு மணி நேரமாக இதைத் தாளுக்குள் அடக்கிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

"அதோ பாருங்க, உங்க வீட்டம்மா" என்றார் கடைக்கார அம்மா.

அவர் விரல் போன திசையில் தேடினேன். மேட்டில் இல்லை. புல்சரிவில் இல்லை. பாறைச் சுவரை ஒட்டிப் போகும் பாதையில், பென்சில் முனையைவிடச் சின்னதாக ஒரு சிவப்பு. நின்றிருந்தது. பன்னிரண்டு படி ஏறி உட்கார்ந்துவிட்டவள். நோட்டைப் புரட்டியபோது வந்த பயம் இப்போது வரவில்லை. கண்தான் நிறைந்து, சிவப்பு இரண்டாகத் தெரிந்தது, துடைத்துக்கொண்டேன்.

நோட்டை எடுத்துக் கையை நீட்டி மலைக்கு நேராகப் பிடித்தேன். மேட்டின் கோடு மேட்டோடு பொருந்தியது. விட்டுவைத்த வெற்றிடமும் சரியாகத்தான் இருந்தது. அவள் தாளின் மேல் விளிம்பையும் தாண்டி நாலு விரற்கடை உயரத்தில் இருந்தாள். பென்சிலை அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே காற்றுதான் இருந்தது. கையை அப்படியே வைத்துக்கொண்டேன். இப்போது திரும்பி இறங்குவாள் என்று எதிர்பார்த்தேன். கடைக்கார அம்மாவும் கையில் இருந்த டம்ளரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு நகர்ந்தது. மேலே.