ஒத்துவராத கிட்னி

"கிட்னி ஒத்துவராது" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த நாளிலிருந்து தையல்காரிக்குப் புருஷன்மேல் சந்தேகம். தன் கிட்னியை அவளுக்குத் தானே தருவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன்தான். இருவருக்கும் ஒரே ரத்த வகை. பிறகு எப்படி ஒத்துவராமல் போகும்? நாத்தனார் வந்து தம்பியின் காதைக் கடித்துவிட்டுப் போன மறுநாள்தானே அந்தப் போன் வந்தது! டாக்டரைக் கையில் போட்டுக்கொண்டிருப்பான். லாரி மெக்கானிக்கான அவனுக்குச் சாக்குச் சொல்ல யாராவது கற்றுத்தர வேண்டுமா என்ன?

ஒரு மாதம் பொறுத்தாள். அதற்குமேல் அவளால் ஆகாது. டயாலிசிஸ் முடிந்த கையோடு, தள்ளாடிக்கொண்டே அவனையும் இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"என் எதிர்லயே சொல்லுங்க டாக்டர். இவருக்குத் தர இஷ்டமில்லையா?"

அவன் முகம் தொங்கிப்போனது. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "அவர் கிட்னியில ஒரு குறையும் இல்லம்மா. உங்க ரத்தம்தான் அதை எதிரியா பாக்குது. அவர் திசுவை அழிக்கிற ஆன்டிபாடி ஏற்கெனவே உங்ககிட்ட தயாரா இருக்கு. இப்படியே வெச்சா கிட்னி சில நாள்கூடத் தாங்காது."

"இவர் உடம்பு என் ரத்தத்துக்கு எப்படிங்க தெரியும்?" மடக்கிவிட்ட தெம்பில் கேட்டாள்.

"பெரும்பாலும் கர்ப்பத்துலதான். குழந்தையில பாதி அப்பாவோடதுதானே? ஆனா கர்ப்பமே ஆனதில்லைனு படிவத்துல எழுதியிருக்கீங்க."

"நான்தான் எழுதினேன் டாக்டர். எங்களுக்குக் குழந்தை இல்ல," என்றான் அவன்.

எட்டு வருடம் முன்பு அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, நேரில் சொல்லலாம் என்று கர்ப்பமான சேதியை அவள் பொத்திவைத்திருந்தாள். தையல் மெஷினைத் தனியாளாகத் தூக்கி நகர்த்திய அன்றே கரு கலைந்துவிட்டது. தன் தப்புத்தான் என்று பயந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"ஒரு தடவை தங்குச்சுங்க," என்றாள் தரையைப் பார்த்து. "மூணு மாசத்துல போயிடுச்சு. நீங்க இல்லாதப்ப."



"உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுனு, குழந்தை இல்லாத குறை எங்கிட்டதான்னு அக்காகிட்டகூடச் சொல்லிவெச்சேனே," என்றான். பிறகு டாக்டரிடம், "அந்த ஆன்டிபாடியை எடுக்க வழி இருக்கா? நான் தர்றேன்."

"ரத்தத்தை வடிகட்டிப் பாக்கலாம். உத்தரவாதம் இல்ல."

தலையாட்டிவிட்டு அவளிடம் திரும்பினான். "வேற ஏதாவது எங்கிட்ட மறைச்சிருக்கியா?"

ஒரு மாதமாக அவனைச் சந்தேகித்துத் திரிந்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"இல்லைங்க," என்றாள். அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை.