அக்காவின் கழுத்துக்குள் ஒரு குறுக்குவழி

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்கா கொடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், "எழுதறதா இருந்தா எழுது. என்னைப் பாவமா மட்டும் காட்டாதே" என்றாள். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள் அக்கா.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'வலி ஒரு மின்னலைப் போல அவள் கழுத்திலிருந்து...'

[இதோடு நிறுத்தினேன். வாசித்துக் காட்டியபோது அக்கா உதட்டைப் பிதுக்கினாள். மின்னல் வந்தால் போய்விடுமாம். இது, ஈரக்கையால் சுவிட்சைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்க முடியாமல் நிற்பது மாதிரியாம்.]

அதையே வைத்துக்கொள்வோம். தலையை வலப்பக்கம் திருப்பினால் போதும், கழுத்திலிருந்து தோள் வழியாகக் கட்டைவிரல் வரை ஓடும். பிடித்திருக்கும் கத்தரி கீழே விழும். கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது.

2

அத்தானை வில்லனாக்கத்தான் முதலில் நினைத்தேன். கதைக்கு வசதி. எலும்புத் தேய்மானம் என்றார் ஒரு டாக்டர். கழுத்துப்பட்டை, மாத்திரை, பயிற்சி, எதற்கும் வலி மசியவில்லை. ஒருநாள் அத்தான், எல்லாம் மனசில்தான் இருக்கிறதோ என்று கேட்டுவிட்டார். அக்கா அவரோடு பேச்சை நிறுத்தினாள்.

அங்கேயே விட்டிருந்தால் வில்லன் தயார். ஆனால் மறுநாள் காலை, கையைத் தூக்க முடியாமல் அவள் குளியலறையில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஓட்டக் கிளம்பிய மனிதர், சீருடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் தலையை அலசிவிட்டார். ஷாம்பு கண்ணில் போனதற்கு நன்றாகத் திட்டு வாங்கினார். அப்படித்தான் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான்.

[வில்லன் போய்விட்டான். கதை என்ன ஆகுமோ என்று கவலையாக இருந்தது.]

3

புது டாக்டர் அதிகம் பேசாத பெண். அக்காவின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர், கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அதைக் கழற்றி அக்காவின் காதிலேயே மாட்டினார்.

உள்ளே ஒரு ஓடை இரைந்துகொண்டிருந்தது.

தமனியிலிருந்து ரத்தம் நுண்ணிய குழாய்களுக்குள் பிரிந்து, வேகம் தணிந்து, சிரைக்கு வரவேண்டும். அக்காவுக்கு ஓரிடத்தில் இரண்டும் நேராக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குறுக்குவழியில் பாய்ந்த ரத்தம் சிரையை வீங்கவைக்க, அது பக்கத்திலிருந்த நரம்பை நசுக்கியது. பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

மயக்கம் கொடுக்காமலே தொடை வழியாகக் குழாய் விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். கழுத்துக்குள் வெந்நீர் பரவுவதுபோல இருந்ததாம். திரையில் அவளுடைய ரத்தம் கறுப்பாகக் கிளம்பி, கிளைத்து, ஓரிடத்தில் சுருண்டு சுழன்றது. இத்தனை வருஷமும், அவள் தூங்கும்போதும் சண்டை போடும்போதும் ஓய்வே இல்லாமல் அது ஓடியிருக்கிறது. பயந்துகொண்டு படுத்திருந்தவள் பயத்தையே மறந்து கேட்டிருக்கிறாள்:

"டாக்டர், இன்னொரு தடவை காட்டுவீங்களா?"

4

குறுக்குவழியைப் பசைபோன்ற மருந்தால் அடைக்கலாம். ஆனால் தண்டுவடத்துக்குப் போகும் குழாய் பக்கத்திலேயே இருந்தது. பசை அதற்குள் போனால் கை செயலிழக்கும். அத்தான் வேண்டாம் என்றார். அக்காதான் சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டாள்.

முடிவு அ: கை போய்விட்டது. [அடித்துவிட்டேன். சோகமாக முடித்தால் ஆழமான கதை என்பார்கள் என்ற ஆசைதான் காரணம்.]

முடிவு ஆ: முழுக் குணம். [இதுவும் பொய். கட்டைவிரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. அடைபடாத சின்னக் கிளை ஒன்று மிச்சம், வருஷாவருஷம் பார்க்கவேண்டும்.]

நடந்தது இது. மயக்கம் கொடுத்துப் பசையைச் செலுத்தினார்கள். மயக்கம் தெளிந்ததும் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. கண்ணை மூடிக்கொண்டு தலையை வலப்பக்கம் திருப்பினாள். காத்திருந்தாள். நாங்களும் மூச்சுவிடாமல் காத்திருந்தோம்.

"வரலைடா" என்றாள்.

5

கடை திறந்த அன்று முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அக்கா அவர் முடியை மேலே ஒதுக்கி கிளிப் போட்டாள். பிறகு கத்தரியை எடுக்காமல் அந்த வெறும் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் அதைக் கவனித்த ஆசிரியை, கழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. எல்லாம் ஓடிட்டிருக்கு."

அவருக்குப் புரிந்திருக்குமா? அந்தச் சின்னக் கிளை அடுத்த வருஷம் என்ன செய்யும்? எனக்குத் தெரியாது. எழுதினால் இட்டுக்கட்டியதாகிவிடும். இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே, துடிப்பின் மேல் வைத்துக்கொண்டு, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.