பெரிய வெள்ளியன்று வாங்கிய கிடார்

கிடார் வாங்கப் போகிறவர்கள் நாலு தடவை மீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். பிலோமிக்கு வாய்த்த நாளோ பெரிய வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ராயபுரத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் ரேடியோகூட வாய் திறக்காது. வியாழக்கிழமை பூசையில் குளோரியா என்ற புகழ்ப்பாட்டைப் பாடி முடித்ததும் கோயில் மணியைக் கட்டிவிடுவார்கள். சனிக்கிழமை ராத்திரிப் பூசையில் மறுபடி குளோரியா பாடும்வரை மணி கிடையாது, ஆர்மோனியம் கிடையாது, தந்தி வாத்தியம் எதுவும் கிடையாது. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த்தான் ஜனங்களைக் கோயிலுக்கு அழைப்பார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் இவள் கிடார் வாங்கக் கிளம்பினாள். வேறு வழியில்லை, சனிக்கிழமை காலையில் ரயில்.

எல்லாம் கஸ்பாரால் வந்தது. கஸ்பார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிளார்க். கோட்டு மாற்றிக்கொண்டால் பேண்டு மாஸ்டர். ஈஸ்டரில் ஆரம்பித்து மே மாசம் முடிய ஜோலார்பேட்டை, போத்தனூர், பொன்மலை என்று ரயில்வேக்காரர்கள் கிளப்பான இன்ஸ்டிட்யூட் ஒவ்வொன்றாக டான்ஸுக்கு வாசித்துக்கொண்டே போவான். இந்த வருஷம் பார்த்து அவனுடைய கிடார்க்காரன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். வியாழக்கிழமை பூசை முடிந்ததும் கஸ்பார் பிலோமியைக் கோயில் வாசலில் நிறுத்தினான்.

"தோ பாரு, நீ வாசிக்கறத்த கேட்டுகீறேன். கை நல்லா கீது. சொந்த கிடாரோட சனிக்கெழம காலைல சென்ட்ரலுக்கு வந்தியானா நீ. இல்லாங்காட்டி பெரம்பூர் அருள்நாதன். அவன்கைல கிடார் கீது."

பிலோமியிடம் கிடார் இல்லை. அவள் கற்றுக்கொண்டது, வாசித்தது எல்லாம் கோயில் பாடகர் குழுவின் கிடாரில். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியதிலிருந்து அது பங்குச் சாமியார் அறையில் பூட்டிக் கிடந்தது. டான்ஸுக்கு அதைக் கேட்டால் சாமியார் அதோடு அவளையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்.

இந்த இடம் போனால் அடுத்தது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. வந்தாலும் வாசிக்க விரல் இருக்குமா என்பதே சந்தேகம். அவள் வேலை பார்த்தது இறால் கம்பெனி ஷெட்டில். ஐஸ் தண்ணீரில் கை ஊற, காலையிலிருந்து இறால் உரிக்க வேண்டும். உரித்து உரித்து விரல் நுனித் தோல் வெளுத்து, ஊறிப்போய், ஓட்டின் முள் பட்ட இடமெல்லாம் சீழ் வைக்கும். தந்தி பிடிக்கத் தோல் காய்த்திருக்க வேண்டும், அவளுக்கோ வாரத்துக்கு வாரம் தோல் உரிந்துகொண்டிருந்தது. அந்த ஷெட்டை விட்டு வெளியேற அவளுக்குக் கிடைத்த ஒரே கதவு கஸ்பார். கதவு என்று சொல்ல அவன் லாயக்கில்லைதான், ஆனால் கிடைத்தது அதுதான்.

கிடார் இருக்கும் வீடு ஒன்று இருந்தது. டோரதி ஆன்ட்டி வீடு. அவள் புருஷன் இன்ஜின் டிரைவராக இருந்து இறந்துபோன ஆங்கிலோ இந்தியர். மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் டிக்கெட் அனுப்பியிருந்தான். ஆன்ட்டி கட்டில், பீரோ, தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தாள். கிடார்கள் இரண்டும் இன்னும் போகவில்லை என்று சொன்னவள் ராஜாத்தி. ஷெட்டில் பிலோமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிப்பவள், குப்பத்துப் பெண், ஊரில் எந்த வீட்டில் எது விலைக்கு வந்தாலும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. துணைக்கும் அவளே வந்தாள்.

"தட்டிப் பாக்காம நான் தேங்கா கூட வாங்கமாட்டேன். நீ இன்னாமே, கிடாரையே கம்முனு வாங்கப் போறேன்ற" என்றாள் வழியில்.

"இன்னிக்கு தட்டக்கூடாதுமே."

"யாரு அடிப்பாங்க?"

"யாரும் அடிக்கமாட்டாங்க. தட்டக்கூடாது, அவ்ளோதான்."

டோரதி ஆன்ட்டி கறுப்பு கவுனில் இருந்தாள். சுவரில் இருந்த கண்ணாடிக்குக்கூடத் துணி போர்த்தியிருந்தாள். கிடார் என்றதும் பிலோமியை மேலும் கீழும் பார்த்தாள்.

"குட் ஃப்ரைடே மேன் இன்னிக்கு."

"தெரியும் ஆன்ட்டி. நாளைக்கு காலைல ரயிலு. கஸ்பாரண்ணன் பேண்டுல போறேன். கிடார் இல்லாட்டி இட்டுகினு போவமாட்டாரு."

ஆன்ட்டிக்கும் பிடிக்க வேண்டிய கப்பல் இருந்தது. "பாக்கலாம், தூக்கலாம், தடவலாம். என் வீட்ல ஒரு தந்தி சத்தம் வந்தா கிடார் திரும்ப அலமாரிக்குள்ள போயிடும். ரெண்டும் ஒரே விலைதான். எது வேணுமோ எடுத்துக்கோ."

விலை பிலோமியின் கைக்கு அடங்கியது. கப்பலில் ஏற்ற முடியாத சாமானுக்கு யார்தான் பெரிய விலை சொல்வார்கள்? ஆனால் விலை ஒன்றாக இருந்ததுதான் பேஜார். மலிவானதை எடுத்தேன் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளவும் வழியில்லை.

முதல் கிடார் பெரியது. தேன் நிறத்தில் பளபளவென்று, துளையைச் சுற்றிச் சிப்பி பதித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. இரண்டாவது சிறியது. மேலெல்லாம் கரிப்புகை ஏறி நிறமே தெரியவில்லை. வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதன்மேல் யாரோ கோந்து தடவி ஒட்டியிருந்தார்கள். டூட்டிக்குப் போகும்போதெல்லாம் ஆன்ட்டியின் புருஷன் அதைத்தான் கித்தான் பையில் போட்டு எடுத்துப்போவாராம்.

"இதுல இன்னா யோசன" என்றாள் ராஜாத்தி. "பெரிசு ஜோரா கீது. அது கலீஜா கீது."

பிலோமிக்கும் பெரியதன்மேல்தான் முதலில் ஆசை போயிற்று. டான்ஸ் ஹாலில் நூறு ஜோடிச் செருப்பு தேயும் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும், பெரிய பெட்டி என்றால் கேட்கும். ஆனால் அவள் போகப்போவது மூன்றாம் வகுப்பில். உட்கார இடம் கிடைத்தால் அது அந்தோணியார் செய்த அற்புதம். மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், தலைக்குமேல் பலகையில் தகரப் பெட்டிகளுக்கு நடுவே திணிக்க வேண்டும், ராத்திரிப் பனியிலும் பகல் வெயிலிலும் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இந்த மாப்பிள்ளை அதையெல்லாம் தாங்குமா?

பெரியதைத் தூக்கி, துப்பாக்கியால் குறி பார்ப்பது போலக் கழுத்தோடு கண்ணை ஓட்டினாள். லேசாக வளைந்திருந்தது. வாசிக்க முடியாத அளவுக்கு இல்லை. சிறியதைப் பார்த்தாள். கழுத்து நேராக இருந்தது, ஆனால் விரிசல். நடு ஹாலில் வாசிக்கும்போது விரிசல் வாயைப் பிளந்தால் கஸ்பார் அடுத்த ரயிலில் அருள்நாதனை வரவழைப்பான். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கிடாரில் கண் சொல்வது பாதிதான், மீதியைச் சத்தம்தான் சொல்ல வேண்டும்.

தெருவில் மரக்கட்டைச் சத்தம் கேட்டது. ஜனங்களைக் கோயிலுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். போய் ஏசு பட்ட பாடுகளைச் சொல்லி ஒப்பாரி பாடுவார்கள். ராயபுரமே தொண்டை கட்டும்வரை பாடும். பிலோமிக்கு அப்போதுதான் உறைத்தது. தடை வாத்தியத்துக்குத்தான். வாய்க்கு இல்லை.

"ஆன்ட்டி, பாடலாமா?"

"மாதாவோட ஒப்பாரின்னா தாராளமா பாடு."

பிலோமி பெரிய கிடாரை மடியில் படுக்க வைத்தாள். கைகள் இரண்டையும் ஆன்ட்டியின் கண்ணில் படும்படி விரித்து வைத்துக்கொண்டாள். குனிந்து, துளைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மாதா தன் மகனைத் தேடி அழும் ஒப்பாரியை எடுத்தாள். கீழ்க்குரலில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏற்றிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்தினாள். கிடார் நிறுத்தவில்லை. யார் கையும் படாமல் தந்திகள் தாமாக முனகிக்கொண்டிருந்தன.

"அய்யே, பேய் பூந்துகிச்சு" என்று ராஜாத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

பேயெல்லாம் இல்லை. தந்தியின் ஸ்ருதியும் தொண்டையின் ஸ்ருதியும் ஒன்றானால் தந்தி பேசும், பாடகர் குழுவில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். அந்த முனகலுக்கு அடியில் வேறொன்று கேட்டது. கிர்ரென்று, டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி. பெட்டிக்குள் எங்கோ ஒட்டிய கட்டை விட்டுப்போயிருந்தது. மறுபடி பாடினாள், மறுபடி கிர்ரென்றது.

சிறியதை எடுத்தாள். பாடி நிறுத்தினாள். ஒன்றுமில்லை. மேலே ஏற்றிப் பாடினாள், கீழே இறக்கிப் பாடினாள். அடுப்புக்கு வைத்த விறகு மாதிரி கம்மென்று கிடந்தது. வண்டு பிடித்தது ஒன்று, செத்துப்போனது ஒன்று. இரண்டில் எதைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது?

"வுடுமே, பெரிசையே எடு" என்றாள் ராஜாத்தி. "வண்டு சத்தம் டான்ஸுல யாருக்கு கேக்கப்போவுது?"

"எனக்கு கேக்கும்" என்றாள் பிலோமி. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபத்தில் மடியில் இருந்த சின்னதின் தந்திமேல் கட்டை விரலை வைத்துச் சத்தம் வராமல் அழுத்தினாள். தந்தி தொட்டில் கயிறு மாதிரி தொங்கிற்று. அடுத்ததும் அப்படியே. ஆறும் அப்படியே. "ஆன்ட்டி, இத்த யாரு தளத்தினது?"

"அவர்தான். டூட்டி முடிஞ்சு வந்தா தந்தியெல்லாம் லூஸ் பண்ணிட்டுத்தான் பையில வைப்பார். இல்லாட்டி கழுத்து வளைஞ்சிடும்னு சொல்வார்." ஆன்ட்டி துணி போர்த்திய கண்ணாடியைப் பார்த்தாள். "கடைசி தடவையும் அப்படித்தான் வெச்சார்."

"முறுக்கலாமா? தந்திய தட்டமாட்டேன். சாவிய மட்டும் திருப்பறேன்."

ஆன்ட்டி இதற்கு வேதத்தில் விடை தேடுவது போல மோட்டுவளையைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

பிலோமி கழுத்து உச்சியில் இருந்த முறுக்குச் சாவிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். துருப்பிடித்த தந்தி, கொஞ்சம் கூடினால் பட்டென்று போய்விடும். ஊறிப்போன விரல் நுனியால் விறைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆறும் ஏறியதும் குனிந்து பாடினாள். இம்முறை ஒப்பாரியில் ஓர் அடிகூட முடியவில்லை. பாதியிலேயே பெட்டி அவள் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. நிறுத்தினாள். தந்திகள் தனியாகத் தொடர்ந்தன. வண்டு இல்லை, விரிசல் படபடக்கவில்லை. ஒட்டியவர் ஒழுங்காக ஒட்டியிருந்தார்.

டோரதி ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. "தட்டாமலே சத்தம் வரவெச்சுட்டே. ராஸ்கல்" என்றாள். பிறகு விரலை நீட்டினாள். "நாளைக்கு குளோரியா வரைக்கும் வாசிக்கக்கூடாது. ப்ராமிஸ்?"

பிலோமி தலையை ஆட்டினாள். ஆட்டும்போது உண்மையாகத்தான் ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் வாயால் முனகியும் காதைப் பெட்டியோடு ஒட்டியும் ஒவ்வொரு தந்தியாக ஸ்ருதிக்குக் கொண்டுவந்தாள். ஒரு தந்தியைக்கூடத் தட்டவில்லை. தன் கிடார் எப்படிப் பேசும் என்று தெரியாமலேயே சனிக்கிழமை காலை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போனாள்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. கஸ்பார் பெட்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அருள்நாதன், வெல்வெட் பையில் கிடாரோடு. தன்னைக் கழற்றிவிட்டு அவனை ஏற்றத்தான் கஸ்பார் வரச்சொல்லியிருக்கிறான் என்று பிலோமிக்குப் புரிந்துவிட்டது. கஸ்பார் கித்தான் பையை விலக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா இது, பிஸ்கோத்து டப்பாவா? ஹால்ல மொத வரிசைக்கே கேக்காது. அருள்நாதன் ஏறட்டும் பிலோமி. அடுத்த வருசம் பாக்கலாம்."

"கேட்டுட்டு சொல்லுணா."

"எப்டி கேக்கறது? இன்னிக்கு பெரிய சனிக்கெழம. ராத்திரி குளோரியா வரிக்கும் வாசிக்கக்கூடாதே. நீ கோயில்ல பாடற பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?" என்றான். வருஷம் முழுக்கக் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறவனுக்கு அன்றைக்குப் பார்த்துப் பக்தி பொங்கிற்று. அருள்நாதனும் பயபக்தியோடு தலையை ஆட்டினான்.

சின்ன வயசிலிருந்து இந்த ஒரு நாளில் பிலோமி பாத்திரத்தைக்கூடச் சத்தமாக வைத்ததில்லை. நரகத்துக்குப் பயந்தாள், டோரதி ஆன்ட்டியிடம் தலையாட்டியதை நினைத்துக் கூசினாள். ஆனால் ஐஸ் தண்ணீரை நினைத்தாள். கார்டு பச்சைக் கொடியை உதறிக்கொண்டிருந்தார். அவள் பிளாட்பாரத்தில் கிடந்த டிரம் பெட்டிமேல் குந்தினாள், சிலுவை போட்டுக்கொண்டாள், ஆறு தந்தியையும் சேர்த்து அடித்தாள்.

சத்தம் இனிமையாக இருந்தது என்று சொன்னால் பொய். கரகரப்பாக, கட்டைக் குரலாக, நேராகப் போய்க் கூரையில் மோதிற்று. டீ விற்பவன் திரும்பினான். சுமை தூக்குபவர்கள் நின்றார்கள். அவள் டான்ஸ் மெட்டு ஒன்றைப் பிடித்து, இரண்டு சுற்று, தப்பில்லாமல், கஸ்பார் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். ரயில் பெட்டிக்குள் இருந்த டிரம்காரன் ஜன்னல் கம்பியில் தாளம் போட ஆரம்பித்தான். அருள்நாதன் வெல்வெட் பையின் முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

விசில் ஊதிவிட்டது. கடைசியில் கஸ்பாருக்குச் சொல்லக் கிடைத்தது இதுதான்.

"பெரிய சனிக்கெழமைல வாசிச்சிட்டியே. பாவம் இல்லியா பொண்ணே?"

"பாவம்தான்" என்றாள் பிலோமி, கிடாரைப் பையில் போட்டுக்கொண்டே. "ஜோலார்பேட்டைல பாவசங்கீர்த்தனம் கேக்க சாமியார் இருப்பாரில்ல. நவுரு, ஏறணும்."