அதே

கூட்டத்தில் இருந்தவர்கள்:

ஆய்வகத் தலைவி. என் உடன்பிறந்த அக்கா. கட்டடத்துக்குள் ‘மேடம்’.
கோட்பாட்டாளர். கரும்பலகையைத் தவிர வேறு கருவி எதையும் தொட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் ‘மாயை’.
புள்ளியியல்காரர். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.
நான். இரவு ஷிப்ட் ஆபரேட்டர்.

ஊசல் கீழ்த்தளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கூட்டத்துக்கு அழைக்கிற வழக்கம் இல்லை.

மணி காலை ஒன்பது. ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இரவு வேலைக்காரனைக் காலையில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று வேலையை விட்டு எடுக்க, இன்னொன்று கையெழுத்து வாங்க. மேஜைமேல் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. கையெழுத்துதான் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை அந்த ஊசலோடுதான். தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் ஒரு பித்தளைத் தண்டு கிடைமட்டமாகத் தொங்குகிறது. அதன் இரண்டு முனையிலும் சிறு குண்டுகள். பக்கத்தில் அசையாமல் இரண்டு பெரிய குண்டுகள். பெரியவை சிறியவற்றை இழுக்க, கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்ளும்; கம்பியில் ஒட்டிய சிறு கண்ணாடியிலிருந்து அளவுகோலில் விழும் ஒளிப்புள்ளி அதற்கேற்ப நகரும். மிகக் குறுகிய தூரத்தில் ஈர்ப்பு விசையின் விதி மாறுகிறதா என்று அந்த முறுக்கை வைத்துப் பார்க்கிறார்கள். மின்கருவி எது பக்கத்தில் வந்தாலும் அளவு கெட்டுப்போகும். ஆகவே ஒரு ஆள் பக்கத்து அறையில் உட்கார்ந்து, சுவரில் உள்ள துளை வழியே தொலைநோக்கியால் அளவுகோலைப் பார்த்து, அரை மணிக்கு ஒரு தடவை எண்ணைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இப்படி ஒரு உத்தியோகம் என்று சொன்னால் யாரும் பெண் தர மாட்டார்கள். தரவும் இல்லை.

நானும் இதே துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவன்தான். இரண்டாம் வருடம் ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வீட்டில் காரணம் தேடினார்கள். சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அக்கா இந்த வேலையை வாங்கித் தந்தாள். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவள் அலமாரியில் இருந்தது. ஆய்வகத்தை மூடலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்ததால் கோப்பு நகரவில்லை. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கட்டுரை அறிவியல் பத்திரிகைக்குப் போகிறது. அது வெளிவந்தால் ஆய்வகத்தை யாரும் தொட மாட்டார்கள். கோப்பும் நகரும். எனக்கு இவ்வளவுதான் தெரிந்திருந்தது. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாயை எழுந்து சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் பக்கம் போனார். நீளமான தாள். அதில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே போய், சில இடங்களில் மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகக் கிடந்தது.

“தம்பி, இதைப் பாருங்க. பகல்ல கடைசி இலக்கம் ஒரு நிமிஷம் சும்மா இருக்கறதில்ல. ஏழு, ஒன்பது, ஆறு, எட்டுன்னு ஆடிட்டே இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பாருங்க. ஒரே எண். நாலு தடவை, அஞ்சு தடவை. அப்புறம் நாலரைக்கு மறுபடி ஆட ஆரம்பிக்குது.”

“தினமுமா?” என்றேன்.

“தினமும் இல்ல. வாரத்துல மூணு நாலு ராத்திரி. ஒன்பது வருஷமா.” புள்ளியியல்காரர் சொன்னார். “தற்செயலா இப்படி நடக்க வாய்ப்பே இல்ல. கணக்குப் போட்டேன். பூஜ்யத்துக்குப் பின்னாடி பூஜ்யம் எழுதி எனக்குக் கை வலிச்சதுதான் மிச்சம்.”

“சரி, அதுக்கு என்ன அர்த்தம்?”

மாயை இந்தக் கேள்விக்காகப் பல வருடம் காத்திருந்தவர்போல நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

“இந்த உலகத்தை யாரோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓட்டிட்டிருக்காங்கன்னு வச்சுக்குங்க. அவனுக்கும் கரண்ட் செலவு இருக்கும்ல? ஊரே தூங்கற நேரத்துல, ஒரு கீழ்த்தளத்துல தொங்கற குண்டோட கடைசி இலக்கத்தை அவன் எதுக்குக் கணக்குப் பண்ணணும்? முன்னாடி இருந்த எண்ணையே வச்சுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். நம்ம கருவி அவனைக் கையும் களவுமா பிடிச்சிருக்கு.”

“அவனும் தற்காலிக ஊழியனோ என்னமோ,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் தாளைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிறு வயதில் அப்பா திட்டும்போது சிரிப்பை அப்படித்தான் அடக்குவாள்.

“எனக்கு ஒரு இடத்துலதான் இடிக்குது,” என்றார் புள்ளியியல்காரர். “யாரும் பார்க்காத நேரத்துல நின்னா சரி. ஆனா ஆபரேட்டர் பார்த்துட்டுத்தானே இருக்கார்?”

“ஒருத்தர் பார்வை போதலையோ என்னமோ,” என்றார் மாயை.

“ஒருத்தர் பார்வை போதாதுன்னா மனுஷன் தனியா கண்ணாடி பார்த்துத் தலை சீவ முடியாது சார்.”

“தலை சீவறதுக்குக் கடைசி இலக்கம் வேண்டாம்யா.”

அக்கா கையை உயர்த்தினாள். இருவரும் நிறுத்தினார்கள். அவள் தாளை என் பக்கம் நகர்த்தினாள். ஆய்வகத்தில் என்னை எப்போதும் ‘நீங்க’ என்றுதான் பேசுவாள்.

“பத்திரிகைக்காரங்க முதல்ல இதைத்தான் கேப்பாங்க. ராத்திரி அளவுகளை எடுத்தவர் நீங்க ஒருத்தர்தான். ஒவ்வொரு எண்ணையும் நேர்ல பார்த்து எழுதினேன்னு ஒரு உறுதிமொழி. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

நான் தாளை எடுக்கவில்லை. வரைபடத்தின் நேர்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நேர்கோட்டின் கீழே நேரம் அச்சாகியிருந்தது. இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை, நான்கு. மேலே நானூற்று எண்பத்தேழு புள்ளி மூன்று என்ற எண் ஐந்து முறை.

“இந்த எண்ணை யார் எழுதினது?” என்றேன்.

“நீங்கதான்,” என்றார் புள்ளியியல்காரர்.

“முதல் எண் நான் எழுதியிருப்பேன். மத்த நாலும் நான் எழுதல.”

“உங்க குறிப்பேட்டுல இருக்கே.”

“என் குறிப்பேட்டுல என்ன இருக்குன்னு கொண்டாந்து காட்டுங்க.”

அவர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்து என் முன் வைத்தார். என் கையெழுத்து. இரண்டு மணிக்கு எதிரே எண். அதற்குக் கீழே நான்கு வரியில் ‘அதே’, ‘அதே’, ‘அதே’, ‘அதே’.

“அதே-ன்னா அதே எண்தானே?” என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இல்லை. எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் ஓய்வு பெறும்போது ஒரே ஒரு தொழில் ரகசியம் சொல்லிவிட்டுப் போனார். ஒளிப்புள்ளி அளவுகோலில் உள்ள இரண்டு சிவப்புக் கோட்டுக்கு நடுவே இருந்தால் ‘அதே’ என்று போட்டால் போதும். அதே நிலைமை, அதே கதை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அப்போது குறிப்பேட்டைத் தட்டச்சு செய்த பெண்மணிக்கு அது தெரியும். ‘அதே’ வந்தால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அந்தப் பெண்மணி வேலையை விட்டுப் போன பிறகு புள்ளியியல்காரர் வந்தார். காலிக் கட்டங்கள் அவர் கண்ணை உறுத்தின. பழைய குறிப்பேடுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் ‘அதே’ இருந்ததோ அங்கெல்லாம் மேலே இருந்த எண்ணை ஒரு இலக்கம் விடாமல் இறக்கி நிரப்பிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. ‘அதே’ என்ற சொல்லுக்கு யாரிடமாவது பொருள் கேட்பார்களா?

இதைச் சொல்லி முடித்ததும் புள்ளியியல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடி துடைத்தார்.

“ரெண்டு மாசம் உட்கார்ந்து நிரப்பினேன்,” என்றார். “லீவு போடாம.”

மாயை அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

“தம்பி, பதறாதீங்க. கோட்டுக்கு நடுவுல இருக்குன்னு சொல்லணும்னா, துளை வழியா பார்த்துத்தானே சொல்லியிருப்பீங்க?”

“ஆமா.”

“பார்க்கறப்ப எண்ணும் கண்ணுல பட்டிருக்கும்ல? மாறியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? மாறாததாலதானே அதே-ன்னு எழுதினீங்க. அப்ப எண்ணும் அதேதான். நம்ம பேப்பர் நிக்குது. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

பேனா என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆமா என்றால் கட்டுரை போகும், ஆய்வகம் நிற்கும், கோப்பு அலமாரியிலிருந்து வெளியே வரும். ஓய்வு பெறும்வரை துளையில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. இந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஆமா என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

“சில ராத்திரி பார்த்தேன்,” என்றேன். “சில ராத்திரி பார்க்கல. நாற்காலியில தலையைச் சாச்சுட்டு, நாலரைக்கு எழுந்து மொத்தமா எழுதினேன். எது எந்த ராத்திரின்னு இப்ப எனக்கே தெரியாது.”

“அப்ப அந்த நேரத்துல அது ஆடுச்சா இல்லையான்னு...”

“எனக்குத் தெரியாது சார்.”

“நின்னும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்,” என்றார் மாயை. ஆனால் பழைய சுருதி இல்லை. வரைபடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“பேப்பர்ல ஒரு திருத்தம் போட்டா போதும்,” என்றார் புள்ளியியல்காரர். “உலகம் தூங்குதுன்னு வர்ற இடத்துல எல்லாம் ஆபரேட்டர் தூங்கறார்னு மாத்திடலாம்.” பிறகு என்னிடம் திரும்பி, “கோவிச்சுக்காதீங்க. என் தப்பும்தான்,” என்றார்.

“ராத்திரி அளவு முழுக்கத் தூக்கிட்டா மிச்சம் என்ன இருக்கு?” அக்கா கேட்டாள்.

“பகல் அளவு இருக்கு. அதை வச்சு ஈர்ப்பு விதி மாறலைன்னு சொல்லலாம்.”

“அது போன நூற்றாண்டுலயே தெரியும்.”

“இன்னும் ஒரு இலக்கம் கூடுதலா சொல்லலாம் மேடம்.”

அக்கா பேனாவை எடுத்து மூடியைப் போட்டாள். உறுதிமொழித் தாளை இரண்டாக மடித்தாள். அலமாரியைத் திறந்து என் கோப்பை எடுத்து, உள்ளே பார்க்காமலேயே வேறு அடுக்கில் வைத்தாள்.

“இன்னைக்கு ராத்திரிலேர்ந்து நீ வர வேண்டாம்,” என்றாள். ‘நீங்க’ போய்விட்டது. “பார்க்காம எழுதினதுக்கு இங்க வேற வழி இல்ல. உத்தரவை நானே எழுதித் தர்றேன்.”

“சரிக்கா.”

கட்டடத்துக்குள் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. மாயை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“வேண்டாம். நானே சொல்றேன். நீ சொன்னா உன்னைத்தான் திட்டுவாங்க.”

“பத்திரிகைக்கு இப்ப என்ன சொல்றது?” என்றார் புள்ளியியல்காரர்.

“கட்டுரை வரலைன்னு சொல்லுங்க.” அக்கா எழுந்தாள். “நான் கீழ போறேன். அந்தத் துளையில நான் கண்ணை வச்சு ஏழு வருஷம் ஆச்சு. அடேய், வந்து எப்படி உட்காரணும்னு காட்டிட்டுப் போ.”

படியிறங்கினோம். பகல் ஆபரேட்டரை அக்கா சாப்பிட அனுப்பினாள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நாற்காலியின் உயரத்தைக் குறைத்தேன். மூச்சு தொலைநோக்கிக் கண்ணாடியில் படாமல் இருக்கத் தாடையை எங்கே ஊன்ற வேண்டும் என்று காட்டினேன். இடது கண்ணை மூடக் கூடாது, மூடினால் பத்து நிமிடத்தில் வலது கண் களைத்துவிடும் என்றேன். அவள் சொன்னபடி உட்கார்ந்தாள். தலைமுடியில் நரை இருந்தது. மேலே, வெளிச்சத்தில் எனக்கு அது தெரிந்ததில்லை.

“நானூத்தி எண்பத்தொம்பது புள்ளி ஆறு,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏழு. இல்ல, அஞ்சு. எப்பவும் இப்படித்தான் ஆடுமா?”

“பார்க்கறப்ப ஆடும்.”

அவள் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோள் மட்டும் ஒரு முறை குலுங்கியது. சிரித்தாளா என்று கேட்கவில்லை.

“எவ்வளவு நேரம் இருப்பே?” என்றேன்.

“நாளைக்குக் காலை வரைக்கும். ரெண்டு மணிக்கு, ரெண்டரைக்கு, எல்லாத்துக்கும் நானே பார்க்கறேன்.”

“தூக்கம் வரும்க்கா.”

“வந்தா தூங்கிட்டேன்னு எழுதுவேன்.”

இரண்டு பேர் இருந்தால் உடம்புச் சூட்டில் அறையின் காற்று மாறும், அளவும் மாறும். என் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டேன். சாவியை மேஜைமேல், குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் கையால் தடவி அதை எடுத்துக்கொண்டு, என் பின்னாலேயே கதவு வரை வந்தாள்.

நான் வெளியே வந்தேன். அவள் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டினாள்.