வாளுக்கடியில் ஒரு நாற்காலி

“அக்கா, வீட்டுக்குப் போயிடலாமா?” என்றான் இத்தல்.

வேல்ஸ் நாட்டுக் கவிதைத் திருவிழாவான ஐஸ்டெத்வட் கூடாரத்தில், பாதிரியார் குடும்பத்துக்கென்று போட்ட முன்வரிசையில் இருந்தோம். என் தம்பிதான் பாதிரியார்; பின்னால் முழுக்க அவனுடைய சபையார்.

“பரிசு சொல்ற நேரத்துல என்னடா அவசரம்?”

“காட்டுக்காகம் நான்தான்.”

எங்கள் வழக்கத்தில் கவிதையைப் புனைபெயரில்தான் அனுப்புவார்கள். சொந்தப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். முதல் பரிசான நாற்காலி இந்த வருஷம் காட்டுக்காகத்துக்கு என்று நடுவர் அப்போதுதான் அறிவித்திருந்தார்.

“ஜெயிக்கும்னு தெரிஞ்சா அனுப்பியிருப்பேனா?”

நடுவர் அந்தக் கவிதையிலிருந்து வாசித்தார்: ‘குழியோரம் ஒரு தகப்பனிடம் கடவுள் இருக்கிறார் என்றேன். அன்றுமுதல் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.’

பின்னாலிருந்து திருமதி பெவன் குனிந்தாள். “எவனோ நாஸ்திகன் எழுதியிருக்கான். உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஐயா.”

“கொஞ்சம், அம்மா,” என்றான் இத்தல்.

கொம்பு ஊதியதும் ஜெயித்தவர் எழுந்து நிற்க வேண்டும். “எந்திரிக்காத,” என்றேன் அவன் காதில்.

“எந்திரிக்கலன்னா உறையக் கிழிச்சுப் பேரப் படிப்பாங்க, அக்கா.”

கொம்பு ஊதினார்கள். இத்தல் எழுந்தான்.

“ஐயா, உக்காருங்க. மறைக்குது!” என்றாள் திருமதி பெவன். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

மேடையில் வாளோடு நின்றவர் மதோக், எங்கள் கோயில் மூப்பர். போன குளிர்காலத்தில் அவர் மகன் சிலேட்டுச் சுரங்கத்தில் செத்தான்; அடக்கம் செய்துவைத்தது இத்தல்தான். அந்தத் தகப்பன் யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தலை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மதோக் அவன் தலைக்கு மேல் வாளைப் பாதி உருவினார். மூன்று முறை கேட்டு, கூட்டம் ‘சமாதானம்’ என்றால்தான் அது உறைக்குள் திரும்பும்.

“சமாதானமா?”

“சமாதானம்,” என்று நாலைந்து பேர்.

“சமாதானமா?”

இன்னும் சிலர். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. குனிந்தார். முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

“அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யா, ஐயா?”

“தெரியல, மதோக். பொய்யா இருந்துடக் கூடாதுன்னுதான் தட்டுறேன்.”

“அந்த ஒரு வார்த்தையிலதானய்யா நானும் என் பொண்டாட்டியும் உசுரோட இருக்கோம்.”

“தெரியும்.”

“ஞாயித்துக்கிழமை வந்து அதையே சொல்லணும். எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல.”

“எனக்கு மட்டும் இருக்கா?”

மதோக் நிமிர்ந்தார்.

“சமாதானமா?”

நான்தான் முதலில் கத்தினேன். “சமாதானம்!” பின்னால் கூடாரமே கத்தியது, திருமதி பெவன் உட்பட. வாள் உறைக்குள் போயிற்று. இத்தல் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தபடியே இருந்தான். எழுந்திருக்கலாம் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.