இடப்பக்க இறக்கை

எங்கள் பிரிவுத் தலைவர் தோய் அன்று காலை என் திரையைக் குனிந்து பார்த்தார். "ஓரிஹாரா, இறக்கையை யாரு கடிச்சது?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அதே கேள்வி எனக்கும் இருந்தது.

ககாமிகஹாரா நகரில் விமானப் பாகங்கள் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. நாள்கணக்கில் வானத்திலேயே சுற்றும் ஆளில்லா விமானம் ஒன்றுக்கு இறக்கை வடிவம் தேடிக்கொண்டிருந்தோம். அதற்காக ஒரு கணினியை வாடகைக்கு எடுத்திருந்தோம். அது குவாண்டம் கணினி அல்ல. குவாண்டம் கணினி கணக்குப் போடும் விதத்தைப் பின்பற்றும்படி அமைத்த சாதாரணக் கணினி. இறக்கையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மேடா பள்ளமா என்பதை அதனிடம் விட்டுவிடுவோம். வடிவங்களை ஒவ்வொன்றாக அது சோதிப்பதில்லை. எல்லாக் கட்டங்களையும் ஒன்றாகக் குலுக்கி, காற்றின் இழுப்பு மிகக் குறைந்த வடிவத்தில் போய் அமர்ந்துவிடும்.

இம்முறை அது அமர்ந்த வடிவத்தில் வலப்பக்கம் வழவழவென்று இருந்தது. இடப்பக்க நுனிக்கு அருகில் மட்டும் யாரோ உள்ளங்கையால் அழுத்தியதுபோல் ஒரு குழி.

"கேமராவை இடப்பக்கம் வெச்சிருக்கோம்ல, அதுக்கு ஈடுகட்டுதோ என்னவோ," என்றார் பக்கத்து மேசை முராசே. கணக்கைக் கணினிக்குப் புரியும்படி எழுதித் தருபவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளைடர் என்னும் எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டுவார். திங்களன்று வெயில் பட்டு மூக்கு சிவந்து வருவார்.

கேமராவை வலப்பக்கம் மாற்றினோம். குழி இடப்பக்கத்திலேயே இருந்தது. கேமராவையே எடுத்துவிட்டோம். குழி இருந்தது. தொடக்க வடிவத்தை மாற்றிப் புதிதாக ஓடவிட்டோம். திரையில் இறக்கை மெல்ல மெல்லத் திரண்டு வந்தது. கடைசியில், இடப்பக்க நுனி தானாக உள்வாங்கியது.

"பிடிவாதக்காரப் பிள்ளை," என்றார் முராசே. குரலில் விளையாட்டு இல்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எப்போதும் காற்றைக் கொடுத்து இறக்கையைக் கேட்போம். இந்த இறக்கையைக் கொடுத்து, இதற்கு ஏற்ற காற்று எது என்று கேட்டால் என்ன?

மதியம் சாப்பிடப் போகாமல் அதை ஓடவிட்டேன். முராசே தன் இறால் சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டே பார்த்தார். திரையில் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வடமேற்கிலிருந்து வந்த காற்று எதன்மீதோ ஏறிப் புரண்டு இடப்பக்க நுனியைத் தரையை நோக்கி அழுத்தியது. அடுத்த கணமே வலப்பக்கத்தை அடியிலிருந்து தூக்கியது. நாங்கள் அப்படி ஒரு காற்றை அதற்குக் கொடுத்ததே இல்லை.

முராசே உருண்டையைக் கீழே வைத்தார்.

"இதை எங்கிருந்து எடுத்தீங்க?"

"நான் எதையும் எடுக்கல. அதுவா குடுத்தது."

"இது எங்க கிளைடர் ஓடுதளம், ஓரிஹாரா-சான். கிசோ ஆத்தங்கரை. இபுகி மலைக்காத்து கரைமேட்டைத் தாண்டும்போது இப்படித்தான் புரளும். அந்த மேட்டோட சரிவுகூட அப்படியே இருக்கு பாருங்க."

"அந்த இடத்தோட அளவு எதையாவது உள்ளே போட்டீங்களா?"

"வேலை பாக்குற இடத்துல கிளைடர் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு தோய்-சான் என்னிக்கோ சொல்லிட்டார். நான் எதுக்குப் போடப் போறேன்?"

வேலையெல்லாம் முடிந்து கிளம்பும்போது, "இந்த ஞாயிறு பறக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். நானும் வருகிறேன் என்றேன். 

ஞாயிறு காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கம்பத்தில் துவண்டு தொங்கியது. கிளைடர் மன்றத்து ஆட்கள் அதை வானில் ஏற்றும் இழுவைக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முராசே கிளைடருக்குள் உட்கார்ந்து இருக்கைப் பட்டையை மாட்டினார். நான் அருகில் போனேன்.

"இன்னிக்கு வேண்டாமே."

"காத்தே இல்ல. நான் என்ன சொல்லி இறங்குறது? கணினி கனா கண்டுச்சுன்னா?"

"என் மேல பழியைப் போடுங்க. குளிருது, சூடா ஏதாவது வேணும்னு நான் அடம்பிடிச்சேன்னு சொல்லுங்க."

 அவர் பட்டையைக் கழற்றி இறங்கினார். கரைமேட்டின் கீழே நின்று, குடுவையிலிருந்து வாற்கோதுமைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். 

கோப்பைக்குள் தேநீர் நடுங்கியது. நான்தான் நடுங்குகிறேன் என்று நினைத்தேன். தலைக்கு மேலே காய்ந்த புல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. காற்றுப்பை விறைத்து நீண்டது. கிளைடரின் இடப்பக்க நுனி, யாரோ பிடித்து அழுத்துவதுபோல் தரையில் பதிந்தது. உடனே வலப்பக்கம் அடியிலிருந்து எழும்பியது. ஆளில்லாத கிளைடர் நிதானமாக, அவசரமே இல்லாமல் புரண்டு கவிழ்ந்தது. இடப்பக்க இறக்கை நுனிக்கு அருகில் முறிந்த சத்தம் கரையில் பட்டுத் திரும்பி வந்தது.

அத்தோடு காற்று நின்றுவிட்டது. புல் நிமிர்ந்தது.

எல்லாரும் ஓடினார்கள். முராசே ஓடவில்லை.

"ஒடிஞ்ச இடத்தைப் பாத்தீங்களா," என்றார் மெதுவாக. "அந்தக் குழி இருந்திருந்தா தாங்கியிருக்கும்."

திங்களன்று அதே கணக்கை, ஒன்றையும் மாற்றாமல், மறுபடி ஓடவிட்டோம். இரு பக்கமும் ஒன்றுபோல் வழவழப்பான இறக்கை வந்தது. தோய் என் தோளைத் தட்டினார். "எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிட்டே போலிருக்கு," என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அதன்பின் முராசே என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார்: "இந்தப் புது இறக்கைக்கு எந்தக் காத்துன்னு கேட்டுப் பாக்கலாமா?" நான் மாட்டேன் என்றேன். சில நாள் கழித்து, மதிய இடைவேளையில் நான் திரும்பி வந்தபோது அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நெருங்குவதற்குள் திரையை அணைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்ன காட்டுச்சு?"

"ஒண்ணும் இல்ல. நல்ல காத்துதான்."

அந்த மாதமே விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, ஷிகோகு தீவில் கடலோரமாக இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கிளைடரைப் பழுதுபார்க்கவும் இல்லை. எங்கள் விமானம் குறையொன்றும் இல்லாமல் பறந்தது, இன்றும் பறக்கிறது.

அவ்வப்போது தொலைபேசியில் அழைப்பார். நலம் விசாரிக்கும் முன்பே, "அங்க, உங்க வீட்டுப் பக்கம் இப்ப காத்து அடிக்குதா?" என்று கேட்பார். இல்லை என்பேன். "சன்னலைத் திறந்து பாத்துச் சொல்லுங்க," என்பார். நானும் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் திறந்து பார்க்கிறேன்.