மூன்றாம் மேசையின் விளிம்பு

என் நோட்டில் ஆறு பத்திகள் உண்டு: தேதி, வலி தொடங்கிய நேரம், பத்துக்கு எத்தனை வலி, என்ன செய்தேன், எப்போது செய்தேன், அன்று எங்கே நின்றேன். கடைசிப் பத்தியை ஏன் சேர்த்தேன் என்று இப்போதும் பிடிபடவில்லை. கோடு போட்டபோது ஓரத்தில் இடம் மிஞ்சியது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மாலையில் வயரிங் வகுப்பு. அதை முடித்தால் கூடத்தின் பராமரிப்புப் பிரிவில் காலியாக இருக்கும் இடத்துக்குப் போகலாம். செய்முறைத் தேர்வுக்கு இரண்டே வாய்ப்புகள். முதல் தேர்வு மாதவிலக்கின் முதல் நாளில் வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு பெஞ்சில் சுருண்டு படுத்தேன். பயிற்றுநர் என் தாளில் 'முடிக்கவில்லை' என்று எழுதினார். அதில் பிழை ஒன்றும் இல்லை.

இரண்டாவது தேர்வுத் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் நாள்களை எண்ணினேன். நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன். அதே முதல் நாள்.

அறையில் என்னோடு அக்காவும் இருக்கிறாள். அவளுக்கு மாதவிலக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கட்டிலில் நோட்டைப் பரப்பி நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"உன் வயித்துக்கு நீயே கணக்கு வாத்தியாரா?"

"வலி எதுக்குக் கட்டுப்படுதுன்னு தெரியணும்ல."

"தெரிஞ்சு என்ன பண்ணுவ? அதுக்கு மெமோ குடுப்பியா?"

ஆறு மாதம், ஆறு வரிகள். மாதத்துக்கு ஒரு முறைதான் சோதிக்க முடிகிறது. இவ்வளவு மெதுவான ஆய்வுக்கூடம் வேறெங்கும் இருக்காது. வலி எட்டு, எட்டு, நான்கு, ஏழு, எட்டு, நான்கு. முதல் நான்கு வந்த மாதம் காலையில் வேகமாக நடந்திருந்தேன். 'நடை' என்று எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். அடுத்த மாதமும் நடந்தேன், ஏழு. ஆகவே நடை இல்லை. இரண்டு மாதம் மாத்திரை போட்டேன், இரண்டிலும் எட்டு. மாத்திரையும் இல்லை. இரண்டாவது நான்கு வந்த மாதம் நான் எதுவுமே செய்யவில்லை. அதுதான் குடைந்தது.

பிறகுதான் கண் ஓரப் பத்திக்குப் போனது. எட்டும் ஏழும் வந்த நாள்களில் மடிக்கும் இடம். நான்கு வந்த இரண்டு நாள்களிலும் தேய்க்கும் இடத்தில் மூன்றாம் மேசை.

தற்செயலாக இருக்கலாம். இரண்டு நாளை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? ஆனால் மறுநாள் இடைவேளையில் எல்லோரும் வெளியே போனதும் தேய்க்கும் மேசைகளின் முன்விளிம்பில் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்று, குளிர்ச்சி. இரண்டு, குளிர்ச்சி. மூன்று, இதமான சூடு. மண்டியிட்டு அடியில் தலையை விட்டேன். நீராவிக் குழாய் மற்ற மேசைகளில் பின்பக்கம் போக, இங்கே மட்டும் வளைந்து முன்விளிம்பை ஒட்டி ஓடியது. தேய்க்கும்போது நாம் அடிவயிற்றைச் சாய்த்து நிற்கும் அதே உயரம்.

"என்னடி, மேசைக்கு அடியில குடித்தனம் வைக்கப் போறியா?"

கேட்டவள், எங்கள் பிரிவில் எல்லோரும் 'ஊக்கு' என்று கூப்பிடுகிறவள். சட்டைக் காலரில் எந்நேரமும் ஐந்தாறு ஊக்குகள் குத்தியிருக்கும். என் வயதுதான்.

"இந்த விளிம்பு மட்டும் சூடா இருக்கு, கவனிச்சியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவே உனக்குத் தெரியாதா? இங்க எட்டுப் பொம்பளைங்க. யாருக்கு வயித்து வலியோ, அன்னைக்கு மூணாம் மேசை அவளுக்கு. சூப்பர்வைசர் எழுதி ஒட்டுறது ஒண்ணு, நாங்க நிக்கிறது ஒண்ணு."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீ சேர்ந்த முதல் வாரம் வந்து கேட்டேன், மூணாம் மேசையைக் கொஞ்சம் விட்டுக் குடேன்னு. நீ என்ன சொன்ன?"

நினைவு வந்தது. காது மடல் சுட்டது.

"லிஸ்ட்ல என் பேர்தான் இருக்குன்னு சொன்ன. அன்னையிலேருந்து உனக்குப் பேரே லிஸ்ட்டுதான்."

"நான் வம்புக்குச் சொல்லல. நிஜமாவே லிஸ்ட்ல இருந்துச்சு."

"இருந்துச்சுதான். அதான் பெரிய வம்பு."

மன்னிப்புக் கேட்கச் சரியான சொற்கள் கிடைக்காததால் நோட்டை நீட்டினேன். தேர்வையும் சொன்னேன். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். மாத்திரை வரியில் விரல் நின்றது.

"வலி ஒம்போது மணிக்கு. மாத்திரை ஒரு மணிக்கு. நடுவுல நாலு மணி நேரம் எதுக்குக் காத்திருந்த, பஸ்ஸுக்கா?"

"தாங்க முடியாதப்பதானே போடணும்?"

"அது யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. சொன்னதாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன். மாலை வகுப்புக்குப் போகும் வழியில் மருந்துக்கடை அம்மாவிடம் கேட்டேன். வயிற்றுப்புண், ஆஸ்துமா, ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று அவர் முதலில் விசாரித்தார். இல்லை என்றதும், "வலி தலைகாட்டும்போதே போடணும்மா, சாப்பிட்டுட்டு. முத்தின பிறகு போட்டா அது என்ன பண்ணும்? அட்டையில போட்டிருக்கிற அளவைத் தாண்டாத. மாசாமாசம் கூடிக்கிட்டே போனா டாக்டரைப் பாரு" என்றார். வகுப்பில் முதல் பத்து நிமிடம் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை. தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. காலை பதினொன்றரைக்கு இடுப்பில் அந்தப் பழைய இழுப்பு தொடங்கியது. நோட்டில் 'இரண்டு' என்று எழுதினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன், மாத்திரையைப் போட்டேன். அடுத்தது, மேசையைக் கேட்பது. மடிக்கும் இடத்திலிருந்து மூன்றாம் மேசைக்கு இருபது அடி இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் நான் தராத மேசை அது. கிட்டே போனால், அங்கே நின்றது ஊக்கு. முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் இன்றுதான்.

"பரவாயில்லை" என்று திரும்பினேன்.

"லிஸ்ட்டு, எங்க போற? விளிம்பு ஆறடி நீளம். ரெண்டு வயித்துக்குத் தாராளம்." அவள் நகர்ந்துகொண்டாள்.

ஒன்றரை மணி வரை இருவரும் அந்த விளிம்பில் சாய்ந்தபடி போர்வைகளைத் தேய்த்தோம். கிளம்பும்போது அவள் ஒரு சின்னத் துண்டை எட்டாக மடித்துச் சூடேற்றி, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, என் பனியனுக்கு மேல் அடிவயிற்றில் வைத்தாள். காலரிலிருந்து நான்கு ஊக்குகளைக் கழற்றி நான்கு மூலையிலும் குத்தினாள். "சூடு எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டேன். "அதையும் நீயே எழுது" என்றாள்.

இருபத்தாறு நிமிடம் நின்றது.

தேர்வில் தந்தது, மாடிப்படியின் இரண்டு முனையிலிருந்தும் ஒரே விளக்கைப் போட்டு அணைக்கும் இணைப்பு, இரண்டு மணி நேரம். நாற்பதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். வலி மூன்று. இருந்தது, ஆனால் பக்கத்து அறையில் யாரோ பேசுவதைப் போல இருந்தது. கம்பிகளைச் சீவினேன், ஒரு முனையைத் தப்பாக மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டினேன். கீழ் ஸ்விட்சில் போட்டேன், எரிந்தது. மேல் ஸ்விட்சில் அணைத்தேன், அணைந்தது. பயிற்றுநர் 'முடித்தார்' என்று எழுதும்வரை அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஊக்குகளைத் திருப்பிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொண்டாள்.

"பாஸாயிட்டல்ல, அப்புறம் என்ன இழவெடுத்த மூஞ்சி?"

"மாத்திரை, மேசை, துண்டு, மூணையும் ஒரே நாள்ல பண்ணிட்டேன். எதனால குறைஞ்சதுன்னு சொல்லவே முடியாது. முறைப்படி இது செல்லாது."

நான் கிண்டலுக்குத் தயாராக நின்றேன். அவளோ என் நோட்டை வாங்கி, வெறுமையாக இருந்த வலப்பக்கத்தைத் திருப்பி, துணி மடிக்கும் அட்டையை அளவுகோலாக வைத்துக் கோடு போடத் தொடங்கினாள்.

"அடுத்த மாசம் நீ மாத்திரை மட்டும். நான் மேசை மட்டும்" என்றாள். "எத்தனை பத்தி வச்சிருக்க? ஆறா?"